குப்பிக் கழுத்தின் ரப்பர் வளையம்

அன்பு மகளுக்கு,

நான் நலம். இந்த டுலூத் ஊரில் பனி இன்னும் விடவில்லை.

கல்லூரி ஆய்வகத்தில் மாணவர்களுக்குப் பாடம் காட்டும் அணுக்காந்தக் கருவியை, உன் அப்பாவின் இடத்தில் வேலைக்கு வந்திருக்கும் வெர்னன் நேற்றும் இயக்கப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் தரை துடைத்துக்கொண்டிருந்தேன்.

"உங்க வீட்டுக்காரர் எம்மேல கோவமா இருக்காரு போல, மேடம். ரெண்டு நாளா சிக்னலே வரல," என்றான்.

அந்தக் கருவியில் சிக்னல் தரும் எண்ணெய்க் குப்பி காந்தத்துக்குள் சரியான ஆழத்தில் நிற்க, உன் அப்பா அதன் கழுத்தில் ரப்பர் வளையம் மாட்டியிருந்தார். அவர் நம்மை விட்டுப் போன மறுநாள் அதைக் கழற்றி என் சாவிக்கொத்தில் போட்டுக்கொண்டேன். வெறும் ரப்பர்தானே என்று நினைத்தேன்.

சாவிக்கொத்திலிருந்து வளையத்தை எடுத்துக் கொடுத்தேன். குப்பியில் அப்பா பேனாவால் போட்டிருந்த கோட்டில் அதை மாட்டி, காந்தத்துக்குள் இறக்கினான். திரையில் சிக்னல் சட்டென்று எழும்பி, மெல்லத் தணிந்தது.

"கோவம் போயிடுச்சு மேடம்!"

வளையம் அங்கேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். அந்த அறையைத் தினமும் நான்தானே துடைக்கிறேன்.

உன் அம்மா