மச்சானின் சட்டமும் பேஸ்போல் முதலாளிமாரின் சட்டமும்

என் மனைவியின் அன்புக்குரிய அண்ணனும், அந்த உறவால் எனக்கு மச்சானுமான அலோசியஸுக்கு,

உமது முப்பத்தோராம் நாள் பூசையன்று வெளிவரவிருக்கும் நினைவு மலருக்கு நானும் எழுதவேண்டும் என்று கோயில் பங்குச் சபையினர் கேட்டார்கள். இத்தாலியின் பலெர்மோவில் வேலை செய்யும் எங்கள் ஆட்களுக்குள் ஊரில் சட்டத்தரணியாக இருந்தவன் நான் ஒருவன்தான் என்பதால், என் எழுத்து கனமாக இருக்கும் என்று நினைக்கிறார்கள். மற்றவர்கள் உம்மை ஏணி என்றும் விளக்கு என்றும் எழுதியிருப்பார்கள். எனக்கு நேரடியாகத் தெரிந்ததை மட்டும் நான் எழுதுகிறேன். அச்சிடுவதும் விடுவதும் அவர்கள் பொறுப்பு.

உமக்குச் சாதகமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். மன்னாரிலிருந்து நாங்கள் வந்திறங்கிய அன்று ரயில் நிலையத்தில் எங்களுக்காகக் காத்து நின்றவர் நீர். உமது தங்கை ரெஜினாவை கடற்கரைப் பகுதியான மொண்டெல்லோவில் ஒரு சிஞ்ஞோராவின், அதாவது இத்தாலிய எசமானியின், வீட்டிலும், என்னை நகரத்துக்குள் ஒரு முதியவரைப் பராமரிக்கும் வேலையிலும் சேர்த்துவிட்டவரும் நீர்தான். இதை நான் ஒருபோதும் மறுத்ததில்லை.

ஆனால் அதே மூச்சில் ஒரு நிபந்தனையும் சொன்னீர். ஒரு வீட்டு ஆளை இன்னொரு வீடு எடுக்காது. நீர் ஆளனுப்பும் சிஞ்ஞோராமார் எல்லோரும் தங்களுக்குள் அப்படிப் பேசிவைத்திருந்தார்கள். வீடு மாறுவதென்றால் நீர் ஓம் என்று சம்மதம் சொல்ல வேண்டும். மீறி வெளியேறினால் பெர்மெசோ, அதாவது இந்நாட்டில் தங்கும் அனுமதி, ரத்தாகிவிடும். "இது இஞ்சத்தைச் சட்டம்," என்றீர். நானும் நம்பினேன், எல்லோரும் நம்பினார்கள்.

அப்போது எங்கள் மகள் ஷாமினி மடுக் கோயில் அகதி முகாமில் தன் பெரியம்மாவோடு இருந்தாள். அவளை இங்கே எடுப்பதற்கு எங்கள் இருவருக்கும் வேலையும், எங்கள் பெயரில் ஒரு வீடும் தேவைப்பட்டன. சிஞ்ஞோரா வீட்டிலேயே படுத்தெழும்புகிற வேலைக்காரிக்கு வீடு எங்கிருந்து வரும்? அந்த நேரத்தில்தான் நகரத்தில் இன்னொரு சிஞ்ஞோரா, பகலில் வந்துபோகும் வேலைக்கு ரெஜினாவைக் கேட்டா. நகரத்தின் அல்பெர்கேரியாப் பகுதியில் சிறிய வாடகை வீடொன்றும் பார்த்துவைத்தோம். பிறகு உம்மிடம் வந்தோம். அந்த உரையாடல் உமக்கு நினைவிருக்கிறதா?

"மச்சான், ரெஜினாவை மாத்திவிடும்."

"ஏலாது."

"பிள்ளைக்காகக் கேக்கிறன். அங்கை செல் விழுகுது."

"எனக்குத் தெரியாதோ? அவள் எனக்கும் மருமகள்தான். ஆனா அந்தச் சிஞ்ஞோராவுக்கு நான் வாக்குக் குடுத்திட்டன். என்ரை தங்கச்சியையே நான் மாத்திவிட்டால் நாளைக்கு ஆர் என்ரை சொல்லைக் கேப்பான்?"

நான் பராமரித்த முதியவர் நினோவை நீர் ஒருமுறைதான் பார்த்தீர். நூறு வயதை எட்டிக்கொண்டிருந்த அவர், இத்தாலிய மொழியைக் கைவிட்டு ஆங்கிலத்தில் மட்டும் கதைக்கத் தொடங்கியதால்தான் ஆங்கிலம் தெரிந்த என்னை அங்கே அனுப்பினீர். அந்த ஆங்கிலம் எங்கிருந்து வந்தது என்று நீர் கேட்கவேயில்லை. இளம்வயதில், முதலாம் உலகப்போர் முடிந்த காலத்தில், அவர் அமெரிக்காவின் ஒரு சிறு நகர அணிக்காகச் சம்பளத்துக்குப் பேஸ்போல் ஆடியவர். எங்கள் விக்கெட் காப்பாளர் மாதிரி, குந்தியிருந்து பந்தைப் பிடிப்பது அவர் வேலை. வலக்கையின் விரல்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசையைப் பார்த்து முறிந்து பொருந்தியிருந்தன. நகம் வெட்டிவிடும்போது எந்த விரலை எந்தப் பந்து முறித்தது என்று சொல்லுவார்.

ஒரு வசந்தத்தில் முதலாளி சம்பளத்தைக் குறைத்தாராம். நினோ கையெழுத்து வைக்க மறுத்து, வேறு அணிகளுக்கு எழுதிக் கேட்டிருக்கிறார். எல்லா இடத்திலிருந்தும் ஒரே பதில்: நீ அந்த அணியின் ஆள், உன்னை நாங்கள் தொட முடியாது. ஒப்பந்தம் ஒரு பருவத்துக்குத்தான். ஆனால் அதற்குள் இருந்த ஒரு வாசகம், அடுத்த பருவத்துக்கும் ஆட்டக்காரனைத் தனக்கென ஒதுக்கிவைக்கும் உரிமையை முதலாளிக்குக் கொடுத்தது. அடுத்த பருவத்து ஒப்பந்தத்திலும் அதே வாசகம். ஆட்டக்காரனுக்கு அதிலிருந்து வெளியேற வழியில்லை. முதலாளி விரும்பினால் அவனை விற்கலாம். அவனாக வேறிடம் போகத்தான் முடியாது.

அந்தக் கோடை முழுவதும் நினோ நிலக்கரி இறக்கினார். மாலையில் மைதானத்துப் பலகை வேலியின் ஓட்டை வழியாகத் தன் இடத்தில் குந்தியிருந்தவனைப் பார்த்தார். "பந்து பந்தாய்த் தவறவிட்டான். நான் கைதட்டினன்," என்று சொல்லிச் சிரித்தார். பிறகு கப்பலேறி பலெர்மோவுக்கே திரும்பிவிட்டார்.

எங்கள் நிலையை நான் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை.

"லாயர், அது சட்டம் எண்டு உனக்கு ஆர் சொன்னது?"

"என் மச்சான்."

"எனக்குச் சொன்னது என் மனேஜர். நானும் சட்டமெண்டுதான் நினைச்சன். முதலாளிமார் தங்களுக்குள்ளை பேசிவைச்சதை நாங்கள் சட்டமெண்டு நினைச்சம்."

மறுநாள், பெர்மெசோ வழங்கும் பொலிஸ் தலைமையகமான குவெஸ்தூராவுக்குப் போனேன். மாஃபியாவுக்குப் பயந்து நீதவான்களின் வீட்டு வாசல்களில் படையினர் காவல் நின்ற காலம் அது. எங்கள் ஆட்கள் சீருடையைக் கண்டாலே தெரு மாறிப் போவார்கள். உமது சட்டத்தை ஒருவரும் போய்ச் சரிபார்க்காததற்கு அந்தப் பயமே போதுமானதாக இருந்தது. வேலை மாறினால் பெர்மெசோ ரத்தாகாது, வந்து அறிவித்தால் போதும் என்றார் அங்கிருந்த அதிகாரி. நான் இரண்டாம் முறை கேட்டதற்கு எரிந்து விழுந்தார்.

ஞாயிறு பூசை முடிந்து கோயில் வாசலில் நீர் வழமைபோல ஆட்கள் சூழ நின்றீர்.

"வாங்கோ அப்புக்காத்தர்! கிழவனுக்குச் சவரம் எடுத்து முடிஞ்சுதோ?"

சட்டத்தரணியாக இருந்தவனை அப்படிக் கேட்டதும் எல்லோரும் சிரித்தார்கள்.

"முடிஞ்சுது. குவெஸ்தூராவிலையும் கேட்டு முடிஞ்சுது. வீடு மாறினால் பெர்மெசோ போகாதாம். நீர் சொன்னது எந்த நாட்டுச் சட்டம்?"

சிரிப்பு நின்றது. உமது முகம் மாறியதை நான் பார்த்தேன்.

"நான் என்ன தொழிலோ நடத்திறன்? சனத்துக்கு உதவி செய்யிறன். உதவிக்குச் சட்டம் கேக்கிற முதல் ஆள் நீர்தான்."

"அப்ப ரெஜினா வெளிக்கிடலாம்."

"வெளிக்கிடட்டும். ஆர் எடுக்கினம் எண்டு பாப்பம்."

நினோ ஊர் திரும்பிய பிறகு, அமெரிக்காவின் உச்ச நீதிமன்றமும் உம்மைப் போல, இது தொழில் அல்ல என்றுதான் சொன்னது. பேஸ்போல், மாநிலங்களுக்கிடையிலான வணிகம் என்ற வரையறைக்குள் வராது, ஆகவே ஏகபோகத்தைத் தடுக்கும் வணிகச் சட்டம் அதைத் தொடாது என்று தீர்ப்பளித்தது. உமது "உதவி" என்ற வாதத்தை நான் மொழிபெயர்த்துச் சொன்னபோது நினோவுக்குச் சிரிப்பில் இருமல் வந்துவிட்டது. நீர் அந்தத் தீர்ப்பை வாசித்திருக்க முடியாது. ஆளைப் பிடித்துவைப்பவனுக்கு அந்த வாதம் தானாகவே வாயில் வரும் போலிருக்கிறது.

உமது தரப்பையும் பதிவு செய்கிறேன். ஆரம்பத்தில் எங்கள் ஆள் ஒருவன் படுக்கையில் கிடந்த சிஞ்ஞோரா ஒருத்தியைத் தனியே விட்டுவிட்டு, சொல்லாமல் ஜெர்மனிக்குப் போய்விட்டான். அதற்குப் பிறகு தமிழர் என்றால் கதவைச் சாத்தினார்கள். நீர் வீடு வீடாக ஏறி உமது வாக்கைப் பிணையாக வைத்தீர். அது உண்மை. இந்தக் கட்டு இல்லாவிட்டால் ஆட்டமே அழிந்துவிடும் என்று பேஸ்போல் முதலாளிமாரும்தான் சொன்னார்கள்.

ரெஜினா வெளிக்கிட்டாள். முன்னர் அவளைக் கேட்ட நகரத்துச் சிஞ்ஞோரா கதவைத் திறக்கவில்லை. நீர் தொலைபேசியில் கதைத்திருந்தீர். எந்த வீடும் எடுக்கவில்லை. உமது தங்கை அல்பெர்கேரியா வீட்டில் சும்மா இருந்த அந்தக் காலத்தில்தான் முகாமில் ஷாமினிக்குப் பக்கத்தில் பீரங்கிச் செல் விழுந்தது. இடது காது கேளாமல் போயிற்று.

கவனமாகச் சொல்கிறேன். செல்லை அடித்தது நீர் அல்ல. ரெஜினா கேட்டபோதே வேலை மாறியிருந்தால், அன்று பிள்ளை எங்களோடு இருந்திருப்பாள். என்னால் நிரூபிக்கக்கூடியது அவ்வளவுதான். எனக்கு அது போதும்.

கடைசியில் ரெஜினாவுக்கு வேலை எடுத்துக் கொடுத்தது லலிதா என்ற மொறீசியஸ்காரி. தமிழ் வழி வந்தவள், ஆனால் தமிழ் பேசத் தெரியாது. சந்தையில் வெண்டிக்காய்க்கு நின்ற இடத்தில் பழக்கம். கதையைக் கேட்டுவிட்டு, "அந்த ஆள் ஆர், குவெஸ்தூராவின்ரை தலைவரோ?" என்று இத்தாலிய மொழியில் கேட்டாளாம். அவர்களுடைய வீடுகள் உமது கட்டுக்குள் இல்லை. நினோவின் இளமையிலும் ஒரு போட்டி லீக் தோன்றி, கட்டை மதிக்காமல் ஆட்களை எடுத்ததாம். அவர் ஆட வருமுன்னரே அது மூடப்பட்டுவிட்டது.

ஷாமினி வந்துசேர்ந்த பிறகு ஒருநாள் பொம்மையோடு வந்தீர். அவளுடைய இடப்பக்கத்தில் நின்று கதைத்தீர். அவள் திரும்பவில்லை. "பார், மாமனை மதிக்கிறாள் இல்லை," என்று பகிடிவிட்டீர். உமக்கு ஒருவரும் சொல்லவில்லையா? சொல்லியும் மறந்தீரா? ரெஜினா குசினிக்குள் போய்விட்டாள். நான் உம்மை அந்தப் பக்கத்திலேயே நிற்கவிட்டேன்.

இப்போது அவள் சிசிலிக்காரர் மாதிரி இழுத்து இத்தாலிய மொழி கதைக்கிறாள். வகுப்பில் வலது காதை ஆசிரியைக்குக் கொடுத்து, முகத்தைச் சுவருக்குத் திருப்பி இருக்கிறாளாம். நினோ போன குளிர்காலத்தில் இறந்துவிட்டார். உம்மைப் போல அவருக்கும் நித்திரையிலேயே நடந்தது.

இன்னொரு செய்தியும் உண்டு. சென்ற ஞாயிறு பூசை முடிந்ததும் உமது மனைவி ஜசிந்தா அக்கா என்னிடம் வந்தா. தன் பிள்ளைகளோடு இரவில் வீட்டில் இருக்கக்கூடிய வேலையொன்று அவவுக்கு வேணும். இப்போது வேலை செய்கிற வீட்டுச் சிஞ்ஞோரா விடுகிறா இல்லை. "அலோய்சியோ எனக்கு வாக்குத் தந்தவர்," என்கிறாவாம். மற்ற வீடுகளும் எடுக்கப் பயப்படுகின்றன. கறுப்பு உடுப்போடு, தலையைக் குனிந்துகொண்டு கேட்டா:

"தம்பி, இனி நீங்கள்தான் பொறுப்பெண்டு சனம் கதைக்குது. நீங்கள் ஓமெண்டு சொன்னால் என்னை விடுவா."

உமக்கு நான் அளிக்கும் உறுதி இது. நான் ஓம் சொல்லமாட்டேன். சொல்லும் உரிமை எனக்கும் இல்லை, உமக்கும் இருந்ததில்லை. வரும் வியாழன் பின்னேரம் அக்காவை நானே குவெஸ்தூராவுக்குக் கூட்டிக்கொண்டு போவேன். படையினரைக் கண்டு அவ தெரு மாறினால் கையைப் பிடித்து நடத்துவேன். தான் ஒருவரையும் கேட்கத் தேவையில்லை என்பதை அந்த அதிகாரியின் வாயாலேயே அவ கேட்கட்டும். அவர் எரிந்து விழுந்தாலும் பரவாயில்லை.

இப்படிக்கு,
உமது தங்கை ரெஜினாவின் கணவன்,
உமது மருமகள் ஷாமினியின் தகப்பன்