பாப்பம்மாள் பறந்த சித்திரை

12 அக்டோபர் 2025, ஞாயிறு

தேக்கா சந்தையில் முருங்கைக்காய் விறகுக் குச்சி மாதிரி இருந்தது. வாங்காமல் வந்துவிட்டேன்.

மத்தியானம் பேத்தி ரக்ஷனா வந்தாள். ஐந்து மாதம், வயிறு தெரிய ஆரம்பித்துவிட்டது. மீன் குழம்பைச் சாப்பிட்டுக்கொண்டே ஆபீசில் அவள் செய்கிற வண்டியைப் போனில் காட்டினாள். பறக்கிற டாக்சியாம். தலையில் விசிறி விசிறியாக இருக்கிறது. ஓட்ட ஆள் கிடையாது, கம்ப்யூட்டரே ஓட்டும். இன்னும் சில வருஷத்தில் காபி ஆறுவதற்குள் எல்லை தாண்டி ஜோகூர் போய்விடலாமாம்.

"அதுல யார் ஏறலாம்னு யாரு சொல்றது?" என்று கேட்டேன்.

"யாரு புக் பண்றாங்களோ அவங்கதான் பாட்டி."

"புக் பண்ணுனவங்கதான் ஏறுவாங்கன்னு உனக்கு யாரு சொன்னா?"

சிரித்தாள். சிரிக்கட்டும். அவளுக்கு என்ன தெரியும்.

அடுத்த மாதம் பெங்களூரில் அந்த வண்டியில் முதல் தடவையாக ஆளை ஏற்றிப் பார்க்கப்போகிறார்கள். ஒரு விசிறி நின்றுபோனால் எப்படிப் பத்திரமாக இறங்குவது என்கிற வேலை முழுக்க இவளுடையது. அன்றைக்கு இவள் அங்கே நிற்க வேண்டும். இல்லாவிட்டால் வேறு ஒருத்தன் நிற்பான், வண்டி அவன் பேருக்குப் போய்விடும். டாக்டர் போகலாம் என்று சொல்லிவிட்டாராம். ஆனால் அவள் அப்பன் வெங்கடேஷ், பெரியம்மா பாப்பம்மாளைக் கேட்க வேண்டும் என்கிறான்.

பெரியம்மா! பெற்றவள் நான் இங்கே இருக்கிறேன்.

15 அக்டோபர், புதன்

வயிற்றெரிச்சல் அடங்கவில்லை. எழுதினால் அடங்குமா, பார்ப்போம்.

1971, சித்திரை மாதம். செம்பவாங்கில் எல்லோரும் ஒரே வீட்டில் இருந்தோம். வெங்கடேஷ் என் வயிற்றில். நாகப்பட்டினத்திலிருந்து தந்தி வந்தது, அம்மாவுக்கு ரொம்ப முடியவில்லை என்று. வெங்கடேஷ் அப்பா கப்பல் பட்டறையிலிருந்து அப்படியே ஓடி எனக்கு விமானச் சீட்டு எடுத்து வந்தார். அவர் எனக்காகச் செய்த ஒரே நல்ல காரியம். அதையும் நிலைக்க விட்டாளா?

ஓரகத்தி பாப்பம்மாள் மாமியார் காதில் ஓதினாள். அவ்வளவு உயரத்தில் போனால் வயிற்றுப்பிள்ளை தங்காது, தங்கினாலும் காது கேட்காது. மாமியார் தலையாட்டினாள். வெங்கடேஷ் அப்பாவும் கூடவே தலையாட்டினார். சீட்டு பாப்பம்மாளுக்கு மாறியது, அவள் தம்பி கல்யாணத்துக்கு. எனக்குக் கப்பல்.

அவளை வழியனுப்ப பாயா லேபார் விமான நிலையத்துக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார்கள். மாலை போட்டு, படம் எடுத்து — அப்போது அப்படித்தான், ஒருத்தர் பறந்தால் குடும்பமே போகும். விமானத்துப் படியில் நின்று கையாட்டினாள். என் மாம்பழக் கலர்ச் சேலையைக் கட்டிக்கொண்டு.

கப்பலில் நாள் நாளாக வாந்தி எடுத்தேன். நாகப்பட்டினத்தில் இறங்கினால் தம்பி அழகப்பன் மொட்டைத் தலையோடு நின்றான்.

அதற்குப் பிறகு நான் விமானம் ஏறியதே இல்லை. வேண்டிய நேரத்தில் கிடைக்காதது எதற்கு?

20 அக்டோபர், தீபாவளி

பாப்பம்மாள் முறுக்கு கொடுத்தனுப்பியிருந்தாள். கீழ்த்தளத்துப் பூனைக்கு வைத்தேன். அதுகூட மோந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது.

26 அக்டோபர், ஞாயிறு

பொங்கோலில் பாப்பம்மாள் வீடு. அவள் மகன் திலீப்புக்குப் பிறந்தநாள். வருஷா வருஷம் போகிறேன். போகாவிட்டால் பயந்துவிட்டேன் என்று நினைப்பாள்.

சாப்பிட்டு முடித்து கேக் வெட்டினார்கள். வெங்கடேஷ் மெதுவாகப் பெங்களூர்ப் பேச்சை எடுத்தான். பாப்பம்மாள் சோபாவில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அவளுக்கு இந்த மாதிரி இடம் என்றால் பாயசம்.

"வயித்துப்புள்ளையோட தண்ணி தாண்டக்கூடாது வெங்கடேஷ். கடல் கடலா தாண்டணும்ல, அனுப்பாதே" என்றாள்.

பெங்களூர் நிலத்தில்தானே இருக்கிறது என்றாள் ரக்ஷனா. நடுவில் கடல் இருக்கிறதே என்றாள் கிழவி. ரக்ஷனா கண்ணில் தண்ணீர். அவள் அம்மா சுதா தரையைப் பார்க்கிறாள். வெங்கடேஷ் தலையாட்டத் தயாராகிவிட்டான் — அப்பன் மாதிரியே. அந்தத் தலையைப் பார்த்ததும் எனக்குத் தாங்கவில்லை.

"அக்கா, அன்னைக்கு என்னைத் தண்ணியிலதானே அனுப்பினீங்க? இதோ இவன்தான் வயித்துல இருந்தான். அப்ப தண்ணி ஆகும், வானம் ஆகாது. இப்ப ரெண்டுமே ஆகாதா?"

"அதையெல்லாமா இன்னும் வச்சிருக்கே, தங்கம்?"

"வச்சிருக்கேன். இன்னொண்ணும் வச்சிருக்கேன். நீங்க பறந்தது சித்திரை. இதோ கேக் வெட்டுறானே உங்க மவன், அவன் பொறந்தது அதே வருஷம் ஐப்பசி. அப்ப உங்க வயித்துல இருந்தது என்னக்கா, இட்லியா?"

திலீப்புக்குக் கேக் தொண்டையில் அடைத்தது. விரலை மடக்கிப் பார்த்தான். சுதாவும் மடக்கினாள்.

மாமியார் இருந்தவரை இதைச் சொல்ல முடியாது. பிறகு சொல்ல ஒரு நாள் வாய்க்கவில்லை. கெட்டுப்போகாத ஊறுகாய் மாதிரி நெஞ்சிலேயே இருந்தது. பந்தியில் பரிமாறிவிட்டேன்.

"காது நல்லாத்தான் கேக்குது இல்ல, திலீப்பு?" என்று கேட்டுவிட்டு எழுந்தேன்.

27 அக்டோபர், திங்கள்

சுதா போன் செய்தாள். வெங்கடேஷ் இறங்கி வந்துவிட்டானாம், ஆனால் பிள்ளையைத் தனியாக அனுப்ப மாட்டானாம். மாப்பிள்ளைக்கு லீவு இல்லை. "நீங்க கூடப் போனா விடுறேன்கிறாரு அத்தை" என்றாள். நான் விமானம் ஏறமாட்டேன் என்று தெரிந்துதான் சொல்கிறான், திருட்டுப் பயல்.

என் பாஸ்போர்ட்டைத் தேடி எடுத்தேன். ஜோகூர் போக எடுத்தது. இன்னும் செல்லும்.

2 நவம்பர், ஞாயிறு

விசா வந்துவிட்டது. வெங்கடேஷ் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

பாப்பம்மாள், கோபமெல்லாம் இல்லை, வழியனுப்பச் சாங்கி விமான நிலையத்துக்கு வருகிறேன் என்று சொல்லி அனுப்பினாள். வரக்கூடாது என்று சொல்லி அனுப்பினேன்.

16 நவம்பர், ஞாயிறு, பெங்களூர்

வந்தாயிற்று. குளிர். ரக்ஷனா தூங்குகிறாள், நாளைக்கு அவள் வண்டி ஆளை ஏற்றிப் பறக்கும் நாள். விசிறி விசிறி என்று தூக்கத்தில் ஏதோ முனகுகிறாள்.

விமானம் கிளம்பும்போது அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "ரிலாக்ஸ் லா பாட்டி" என்றாள். பயமில்லை, கோபம். இவ்வளவு சுலபமா இது? உட்கார்ந்தால் போதுமா?

சோறு கொடுத்தார்கள். உப்பில்லை. கொஞ்சம் கண்ணசந்தேன். சாப்பிட்ட தட்டைக்கூட இன்னும் எடுக்கவில்லை, ரக்ஷனா என்னைத் தட்டி எழுப்பினாள். முன்னால் சின்னத் திரையில் விமானம் போகிற பாதை. நீலம் முடிந்து பச்சை ஆரம்பிக்கிற இடத்தில், எழுத்துக்கூட்டிப் படித்துச் சொன்னாள்: நாகப்பட்டினம்.

கீழே பார்த்தேன். மேகம். அவ்வளவுதான், கடல் முடிந்துவிட்டது.

இவ்வளவு பக்கத்தில்தான் இருந்திருக்கிறாள் அம்மா.