இரண்டு பாக்கெட் மேகி

சிறைச்சாலை, கெடா
10 மார்ச் 2024

அன்புள்ள நளினிக்கு,

உன் புருஷன் எழுதுவது. உடம்புக்கு ஒன்றுமில்லை. கூலிம் வீட்டில் நீ தனியாக எப்படி இருக்கிறாய் என்பதுதான் என் கவலை. தமிழில் எழுதினால், படித்துப் பார்க்கத் தமிழ் தெரிந்த அதிகாரி வரும்வரை கடிதத்தை வைத்திருப்பார்களாம். பரவாயில்லை. மலாயில் எழுதினால் உன்னிடம் பேசுகிற மாதிரி இருக்காது.

சோறு, மீன், கீரை எல்லாம் கிடைக்கிறது. ஆனாலும் சாயங்காலம் ஆனால் எல்லாருக்கும் ஒரே நினைப்பு. என் அறையில் அழகேசன் என்று ஒருவர். செர்டாங் பக்கம் செம்பனை லாரி ஓட்டியவர். கதவைப் பூட்டியதும் வாயாலேயே மேகி சமைப்பார். பாக்கெட்டைக் கிழிக்கிற சத்தம்கூட வாயில் வரும். தண்ணீர் கொதிக்கிற நேரம் முழுக்கப் பேசாமல் இருப்பார், நாங்களும் இருப்போம். பிறகு முட்டையை உடைத்து ஊற்றுவார். கேட்டுக்கொண்டே அழுகிறவர்களும் உண்டு.

வீட்டில் நான் மேகியைத் தொட்டதே இல்லை. சோம்பேறிப் பெண்களின் சமையல் என்று உன்னைத் திட்டியும் இருக்கிறேன். இப்போது நீ அதைத்தான் சாப்பிடுவாய். எப்படிச் செய்கிறாய் என்று ஒன்று விடாமல் எழுது. உன் கம்பெனியில் அதை எப்படிச் செய்கிறார்கள் என்றும் எழுது. வேலைக்கு யாருடன் போய் வருகிறாய் என்பதையும் மறக்காமல் எழுது.

நடந்ததெல்லாம் உன் மேல் உள்ள அன்பால் நடந்தது. நீதிபதிக்கு அது புரியவில்லை. உனக்குப் புரியும்.

உன் நினைவாகவே இருக்கும்
புவனேஸ்வரன்


கூலிம்
7 ஏப்ரல் 2024

அன்புள்ள மாமாவுக்கு,

நளினி எழுதிக்கொண்டது. உங்கள் கடிதம் கிடைத்தது. நான் சுகம். வேலைக்குக் கம்பெனி பஸ்ஸில்தான் போய் வருகிறேன், பெண்கள் பக்கத்தில்தான் உட்காருகிறேன். உங்களிடம் அடிபட்ட வேன்காரர் பரஞ்சோதி அண்ணனுக்கு வலது கண் இனிப் பார்வை வராது என்று சொல்லிவிட்டார்களாம். மழையில் பஸ்ஸைத் தவறவிட்டு நின்ற என்னை ஏற்றிக்கொண்டு வந்தவர். அவருக்காகக் கோயிலில் விளக்குப் போட்டேன். நீங்கள் கோபப்படுவீர்கள் என்று தெரிந்தும் எழுதுகிறேன்.

கம்பெனியைப் பற்றிக் கேட்டீர்கள். மாவு தகடாகி, தகடு நூலாகி, ஆவியில் வெந்து, எண்ணெய்க்குள் போகும். அது வெளியே வருகிற இடத்தில் நான் நிற்கிறேன். உடைந்ததைப் பொறுக்கிப் போடுவது என் வேலை. எண்ணெய் நம் ஊர்ச் செம்பனை எண்ணெய்தான். சேர்ந்த புதிதில் பயிற்சி கொடுத்தவர் இதன் கதையைச் சொன்னார். போர் முடிந்த ஜப்பானில் ஒரு கிண்ணம் மீ சூப்புக்காக ஜனங்கள் குளிரில் வரிசையில் நின்றார்களாம். அதைப் பார்த்த ஒருவருக்கு, சுடுதண்ணீர் இருந்தாலே போதும் என்கிற மாதிரி ஒரு சாப்பாடு செய்ய வேண்டும் என்று தோன்றியிருக்கிறது. வீட்டுக்குப் பின்னால் கொட்டகை போட்டு ரொம்ப நாள் தோற்றாராம். மனைவி காய்கறியை மாவில் தோய்த்துப் பொரித்ததைப் பார்த்தபோதுதான் வழி தெரிந்ததாம். கொதிக்கிற எண்ணெய் உள்ளே இருக்கிற தண்ணீரை விரட்டிவிடும். அது ஓடிய வழியெல்லாம் சின்னச் சின்னத் துளை. பிறகு சுடுதண்ணீர் ஊற்றினால் அந்தத் துளை வழியாகவே உள்ளே போய்விடும். அதனால்தான் கண் மூடித் திறப்பதற்குள் வெந்துவிடுகிறது.

வீட்டில் நான் செய்வது சாதாரணம்தான். தண்ணீர் கொதித்ததும் கொஞ்சம் சாவிக் கீரை, கீறின சிலி பாடி மிளகாய், முட்டை. தூள் பாதி போதும். சட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றபடியே சாப்பிடுவேன். வேலை முடிந்து வருகிறவளுக்கு அதைவிட ருசி எதில் இருக்கிறது? உப்பு கூட, உறைப்புக் குறைவு என்று சொல்வதற்கும் ஆள் இல்லை. தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

என் இடது கை இப்போது முழுதாக மடங்குகிறது. இனி வர வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.
நளினி


சிறைச்சாலை, கெடா
19 மே 2024

அன்புள்ள நளினிக்கு,

உன் கடிதத்தை அறையில் சத்தமாகப் படித்தேன். அழகேசன் மறுபடி படிக்கச் சொன்னார். எல்லாரும் உன்னைப் புகழ்ந்தார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது, கொஞ்சம் வருத்தமாகவும் இருந்தது.

வருத்தம் என்னவென்றால், நீ எல்லாவற்றையும் எழுதவில்லை. கறி மேகியை விட்டுவிட்டு இப்போது கொரியாக்காரன் மேகி வாங்குகிறாயாம், சிவப்புப் பாக்கெட். அதுவும் இரண்டு இரண்டாக வாங்குகிறாயாம். ஒரு ஆளுக்கு ஒரு பாக்கெட் போதுமே. உன் வயிறு எனக்குத் தெரியாதா? சமைக்கும்போது குசினி ஜன்னலைத் திறந்து வைக்கிறாயாம், பேச்சும் சிரிப்பும் ரோட்டுக்குக் கேட்கிறதாம்.

நான் ஒன்றும் கேட்கவில்லை. இங்கே இருந்து என்ன கேட்க முடியும்? என்னை வந்து பார்க்கிற நண்பர்கள் அக்கறையில் சொல்கிறார்கள், நான் கேட்டுக்கொள்கிறேன். உள்ளே இருந்தாலும் என் வீட்டைப் பார்க்க எனக்குக் கண் இருக்கிறது என்று நினைத்துத் தைரியமாக இரு.

இந்தக் கடிதத்தைப் படிக்கும் அதிகாரிக்கும் என் வணக்கம். அவரும் குடும்பஸ்தராகத்தான் இருப்பார்.

என்றும் உன்
புவனேஸ்வரன்


கூலிம்
23 ஜூன் 2024

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்தேன்.

இரண்டாவது பாக்கெட் வாசுகிக்கு. என்னோடு லைனில் நிற்கிறவள், சிடாம் கிரியிலிருந்து வருகிறாள். வேலை முடிந்ததும் சில நாள் இங்கே வந்து சாப்பிட்டுவிட்டு அண்ணன் வரும்வரை இருப்பாள். உறைப்பான மேகி அவளுக்குப் பிடிக்கும். சிரித்தது நாங்கள்தான். சிரித்ததற்குக் கணக்குச் சொல்லி எழுதுகிறேன் பாருங்கள், எனக்கே வெட்கமாக இருக்கிறது.

முனைக் கடைக் காளிதாசன் அண்ணனிடம் நேராகவே கேட்டேன். முதலில் சாமான்களை அடுக்குகிற மாதிரி திரும்பிக்கொண்டார். பிறகுதான் சொன்னார். “ஒருத்தன் வாரா வாரம் மோட்டார்ல வர்றான்மா. நீ என்ன வாங்குன, எத்தனை வாங்குன, யாரு கூட வந்தன்னு கேக்கறான். நான் கடைய வச்சிக்கிட்டு இருக்கறவன் லா, அவன்கிட்ட நான் எப்படி மொறைச்சிக்கிறது?”

அவரை நான் குறை சொல்லவில்லை. அவருக்கு வந்த பயம்தானே எனக்கும்?

மாமா, ஒன்று கேட்கிறேன். என்னைப் பார்த்துக்கொள்ள ஆள் அனுப்பாதீர்கள். வெளியே வந்ததும் அலோர் ஸ்டாரில் உங்கள் அக்கா வீட்டுக்குப் போய்விடுங்கள். நான் தனியாக இருக்கப் போகிறேன். கோபத்தில் எழுதவில்லை. இந்தச் சில மாதமாகத்தான் கதவுச் சத்தம் கேட்டு நான் திடுக்கிடாமல் இருக்கிறேன். அதை விட்டுக்கொடுக்க எனக்கு மனசில்லை.

நளினி


10 நவம்பர் 2024

அன்புள்ள நளினிக்கு,

உன் ஜூன் மாதக் கடிதத்துக்கு உடனே பதில் எழுதவில்லை. யோசித்துக்கொண்டிருந்தேன்.

மழைக்காலம் வந்துவிட்டது. பின்கதவுத் தாழ்ப்பாள் ஈரத்தில் ஒழுங்காக விழாது, தூக்கி அழுத்த வேண்டும். நீ அதைச் செய்வதே இல்லை.

காளிதாசன் கடைக்கு நீ இப்போது போவதில்லை. கம்பெனியில் கொடுக்கும் உடைந்த மேகியைப் பிளாஸ்டிக் பையில் கொண்டுவருகிறாய். நேற்றுக் கேட் பக்கத்தில் பை கிழிந்து கொஞ்சம் சிந்தியது. மழையிலும் குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினாய். எறும்பு வரும் என்று பயம். என் நளினி எப்போதும் சுத்தமானவள்.

வாசுகி இந்த வாரம் வரவில்லை. அதுதான் நல்லது. புருஷன் பெண்சாதிக்கு நடுவில் மூன்றாவது ஆள் எதற்கு?

பேச வேண்டியது நிறைய இருக்கிறது. இனிக் கடிதம் வேண்டாம்.

உன்
புவனேஸ்வரன்


குசினி மேசை
10 நவம்பர், சாயங்காலம்

புவனேஸ்வரனுக்கு,

இதைத் தபாலில் போடவில்லை. மேசை மேல் வைத்துவிட்டுப் போகிறேன். நீங்கள் வந்து எடுத்துக்கொள்வீர்கள் என்று தெரியும்.

இன்று மத்தியானம் நான் வேலை முடிந்து வந்தபோது உங்கள் கடிதம் கதவுக்கு அடியில் கிடந்தது. தபால் தலை இல்லை, முத்திரை இல்லை. தேதி இன்றைய தேதி. வாசல்படியில் நின்றே படித்தேன். நான் குனிந்து பொறுக்கியதை உங்களுக்கு யாரும் சொல்லியிருக்க முடியாது. அப்போது ரோட்டில் ஒரு ஆளும் இல்லை, எதிரே நின்ற கார் ஒன்றுதான் இருந்தது.

நான் கதவைத் திறக்கவில்லை. பஸ் நிற்கும் இடத்துக்கு ஓடி, அங்கே இருந்து வாசுகியைப் போனில் கூப்பிட்டேன். அவளும் அவள் அண்ணனும் வந்த பிறகு சிறைச்சாலைக்குப் போன் பண்ணினேன். போனை எடுத்த பையன் மரியாதையாகத்தான் பேசினான். “டா கெலுவார் டா, காக்” என்று மலாயில் சொன்னான். செப்டம்பரிலேயே வெளியே போய்விட்டாராம். இரண்டு மாதமாக நீங்கள் சிறையில் இருப்பதாக நினைத்துக்கொண்டு, உங்கள் கண்ணெதிரே நடமாடியிருக்கிறேன்.

போலீஸ் நிலையத்தில் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தேன். கொதிக்கிற சட்டியை என் கை மேல் நீங்கள் கவிழ்த்த அன்று, தவறி விழுந்தது என்று ஆஸ்பத்திரியில் நான் சொன்னேன். நீங்கள் பக்கத்தில் நின்றீர்கள். இன்று பக்கத்தில் வாசுகி இருந்தாள். உள்ளதை உள்ளபடி சொன்னேன். பாதுகாப்பு உத்தரவுக்கும் எழுதிக் கொடுத்தாயிற்று.

துணிமணியும் ஐசி அட்டையும் எடுக்க ஒரு போலீஸ்காரம்மாவோடு வந்தேன். பின்கதவு வெறுமனே சாத்தியிருந்தது. அடுப்பில் நான் வைக்காத சட்டி. மேசையில் இரண்டு கிண்ணம். ஒன்று காலி. இன்னொன்றைத் தட்டுப் போட்டு மூடி வைத்திருந்தீர்கள். அந்தம்மா தட்டை எடுத்துப் பார்த்தார். மேகி ஊதிப்போய்ச் சாற்றையெல்லாம் குடித்திருந்தது. நான் மத்தியானம் உள்ளே வருவேன் என்று உட்கார்ந்து பார்த்திருக்கிறீர்கள். நான் வாசலில் நின்று படித்தபோது நீங்கள் இந்த நாற்காலியில் இருந்திருக்கிறீர்கள்.

இதைச் சமைத்தது யார் என்று அந்தம்மா கேட்டார். என் கணவர் என்றேன். கல்யாணம் ஆனதிலிருந்து இதுதான் முதல் தடவை என்றேன். அவர் போட்டோ எடுத்துக்கொண்டார்.

உங்கள் மேல் எனக்கு ஆத்திரம் வரும் என்று நினைத்தேன், வரவில்லை. பயம் இருக்கிறது, அதை மறைக்கவில்லை. ஆனால் இத்தனை வருஷம் பயந்துகொண்டே உள்ளே இருந்தேன், இன்று பயந்துகொண்டே வெளியே போகிறேன்.

எங்கே போகிறேன் என்று எழுத மாட்டேன். கம்பெனி வாசலிலும் தேட வேண்டாம், அங்கேயும் சொல்லிவிட்டேன்.

எல்லா விளக்கையும் போட்டுவிட்டுப் போகிறேன். முன்பக்கம், பின்பக்கம், கேட் விளக்கு எல்லாம். எதிர் வீட்டு ஜனங்கள் வெளியே வந்து நிற்கிறார்கள். இந்தக் கடிதத்தை எடுக்க யார் உள்ளே வருகிறார் என்று அவர்களும் பார்க்கட்டும்.

நளினி