பெட்டிக்கு யாரும் சொல்லாத அரை மணி நேரம்

டயகம,
21.05.2006

என் அன்பு மகள் நிலக்ஷிக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அப்பாவும் முருகன் புண்ணியத்தில் நல்ல சுகம். இந்தத் தடவை சுகம் என்று எழுதுவது வழக்கத்துக்காக இல்லை, நிஜமாகவே சுகம், அதை முதலில் மனதில் போட்டுக்கொண்டு மற்றதைப் படி. அங்கே எல்லாம் நமக்குத் தலைகீழ், வைகாசியில்தான் குளிர் தொடங்கியிருக்கும், நீயும் மாப்பிள்ளையும் காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போகிறீர்கள் என்று நம்புகிறேன். போன மாதக் கடைசியில் நான் போனில் குரலைத் தாழ்த்தி, ஞாபக மறதிக்குப் பார்க்கிற நல்ல டாக்டர் கண்டியில் யாராவது இருக்கிறார்களா என்று உன் சிநேகிதியிடம் கேட்டுச் சொல்லச் சொன்னேன் அல்லவா, அன்றிலிருந்து நீ சரியாகத் தூங்கியிருக்க மாட்டாய். போன் இருப்பது ஹோலில், அப்பா இருப்பதும் ஹோலில், அதனால்தான் அன்றைக்கு ஒன்றும் விளக்கமாகச் சொல்ல முடியவில்லை, இப்போதும் எழுதத்தான் வேண்டியிருக்கிறது. அப்பாவுக்கு ஒன்றும் இல்லை மகள். இனி நடந்ததைச் சொல்கிறேன்.

எல்லாம் நீங்கள் இரண்டு பேரும் தைப்பொங்கலுக்கு வந்தபோது கொண்டுவந்த தொலைநோக்கியால் வந்தது. குறை சொல்கிறேன் என்று நினைக்காதே, அது வந்த பிறகு மாசி, பங்குனி இரண்டு மாதமும் அப்பாவைப் பிடிக்க முடியவில்லை. தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்து முடித்து வந்ததும் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு அதை வாசலுக்குத் தூக்கிக்கொண்டு போய்விடுவார். மூன்று கால் தாங்கியை ரசமட்டம் வைத்து நேராக்கி, கையில் பிடிக்கிற அந்தப் பொத்தான் பெட்டியில் தேதியும் நேரமும் கொடுத்து, அது கேட்கிற இரண்டு நட்சத்திரங்களைக் குழாயின் நடுவுக்குக் கொண்டுவந்து காட்டினால், அதற்குப் பிறகு எதைக் கேட்டாலும் குழாய் கிர்ரென்று தானே திரும்பிப் போய் நிற்கும். சனியின் வளையத்தைப் பார்த்துவிட்டு, ஏழரை வருஷம் மனுஷனை ஆட்டி வைக்கிற ஆள் இம்புட்டுத்தானா என்று லயத்து வீட்டு ஆட்களிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். பிறகு சித்திரை மழை பிடித்துக்கொண்டது, பின்நேரமானால் இடியும் மின்னலும், பெட்டியை உறை போட்டு அலுமாரிக்கு மேலே வைத்துவிட்டார்.

மழை கொஞ்சம் விட்டபோது எடுத்து வைத்தார் பார், அன்றைக்குத் தொடங்கியது. அதே வாசல், அதே பெட்டி, அதே ஆள். சுவாதி நட்சத்திரத்தைக் கேட்டால் குழாய் போய் எங்கேயோ கீழே நிற்கிறது. உன் அப்பாவை உனக்குத் தெரியும், எழுதியிருக்கிறபடிதான் செய்வார், மருந்து கொடுத்துப் பழகின கை. பெட்டி காட்டுகிற இடத்துக்குப் பக்கத்தில் இருக்கிறதுதான் சுவாதி என்று மங்கலான ஏதோ ஒன்றை நடுவுக்குக் கொண்டுவந்து பொத்தானை அழுத்தினார். இரண்டாவது நட்சத்திரத்துக்கும் அப்படியே. முடிவில், ஒத்து வரவில்லை, மறுபடி செய் என்று இங்கிலீசில் எழுத்து ஓடியது. மறுபடி செய்தார். பெட்டரி இறங்கியிருக்கும் என்று டவுனுக்குப் போய்ப் புது பெட்டரி வாங்கிப் போட்டார். மாதத்தை முதலில் போட வேண்டும், தேதி பிறகு என்பதைச் சரி பார்த்தார். தண்ணீர்த் தாங்கியின் இரும்பு திசைகாட்டியை இழுக்கிறதோ என்று எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு ரோசாப் பாத்திப் பக்கம் போனார். பகலில் தேயிலைப் பக்டரிப் புகைக்கூண்டைக் குறி பார்த்து, மேலே இருக்கிற சின்னக் குழாயும் பெரிய குழாயும் ஒரே இடத்தைப் பார்க்கின்றனவா என்றும் திருகித் திருகிப் பார்த்தார். எல்லாம் சரி, ராத்திரி வந்தால் மட்டும் சரியில்லை. மாப்பிள்ளைக்குப் போன் எடுத்துக் கேளுங்களேன் என்றேன். பிள்ளைகள் அவ்வளவு செலவழித்து வாங்கிக் கொடுத்ததை ஒழுங்காக வைத்துக்கொள்ளத் தெரியவில்லை என்று நினைக்கும் என்று சொல்லி வாயை மூடிக்கொண்டார்.

இது ஒரு சாமானின் கோளாறு என்று விட்டுவிடுகிற ஆளாக இருந்தால் பரவாயில்லை. ஒருநாள் சாப்பிடும்போது பிசைந்த சோற்றைப் பார்த்துக்கொண்டே, "லெட்சுமி, இத்தன வருஷமா சுவாதின்னு நான் எல்லாருக்கும் காட்டினது சுவாதியே இல்லையோ, இல்ல அப்ப தெரிஞ்சது இப்ப மறந்து போச்சோ" என்றார். எனக்கு அவருடைய அப்பாவின் ஞாபகம் வந்துவிட்டது. உன் தாத்தாவின் கதை உனக்குச் சின்ன வயதில் முழுதாகச் சொன்னதில்லை. வட்டவளையில் இருந்தபோது, இப்போது அப்பாவுக்கு இருக்கிற வயதில்தான், அவருக்கு முதலில் ஆட்களின் பெயர் போனது, பிறகு வீட்டுக்கு வருகிற வழி போனது, கடைசியில் றொசல்ல ஸ்டேஷனில் போய் உட்கார்ந்துகொண்டு, கூட்டிப்போக வந்த சொந்த மகனிடமே, நீங்க எந்தத் தோட்டம் தம்பி என்று கேட்டார். அந்த மகன்தான் உன் அப்பா. அதை அவர் ஒருநாளும் மறந்ததில்லை.

அதற்குப் பிறகு எல்லாமே அந்தக் கண்ணாடி வழியாகத் தெரியத் தொடங்கியது. குடையை பஸ்ஸில் விட்டுவிட்டு வந்தால் அது மறதி. என்னைக் கூப்பிட வந்து தன் தங்கச்சி பெயரைச் சொன்னால் அது மறதி. முன்பும் இதெல்லாம் செய்தவர்தான், அப்போது நான் திட்டினேன், இப்போது திட்டவும் பயமாக இருந்தது. ஆஸ்பத்திரியில் உதவிக்கு நிற்கிற காளியாயி ஒருநாள் வீட்டுக்கே வந்துவிட்டாள். "ஐயாவுக்கு என்னம்மா, கண்ணு தெரியலைங்களா? ஒவ்வொரு போத்தலையும் என்னைய ரெண்டு தடவ படிக்கச் சொல்லிட்டுத்தான் மருந்து ஊத்துறாங்க" என்றாள். பார்வை கொஞ்சம் மங்கல், கண்ணாடி மாற்ற வேண்டும் என்று சொல்லி அனுப்பினேன். இன்னொரு நாள் பின்நேரம் வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றினவர், மறுபடி போட்டுக்கொண்டு, கொட்டுகிற மழையில் மேல் லயத்துக்கு ஏறிப் போனார். காய்ச்சலுக்குக் கொண்டுவந்த ஒரு குழந்தைக்குக் கொடுத்த மருந்து சரியானதுதானா என்று அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டதாம். போத்தலை வாங்கிப் பார்த்திருக்கிறார், சரியான மருந்துதான், சரியான அளவுதான். நனைந்து நடுங்கிக்கொண்டு வந்து வாசற்படியில் நின்றார், நான் துவாயைக் கொடுத்தேன். அடுத்த நாள் காலையில் தோட்டத்துத் தொரையிடம் போய், வயசாகிவிட்டது, இந்த மாதத்தோடு நிற்கிறேன், வேறு ஆளைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். பென்ஷன் எடுத்த பிறகும் தோட்டம் அவரைக் கெஞ்சி வைத்திருப்பதே வேறு ஆள் இந்த மலைக்கு ஏறி வர மாட்டேன் என்கிறதால்தான். அவர் நின்றால் பிள்ளைத்தாய்ச்சிகளும் பாம்புக்கடிக்காரரும் அக்கரப்பத்தனைக்கு லொறியில் போக வேண்டும். அது அவருக்கும் தெரியும். தெரிந்தும் நின்றார் என்றால் எவ்வளவு பயந்திருப்பார் என்று நீயே யோசித்துக்கொள்.

இனித்தான் நல்ல செய்தி. போன வியாழக்கிழமை பகல் முழுக்க நல்ல வெயில், பொழுது சாய்ந்தும் மேகமே இல்லை. நான் இருட்டுகிற நேரத்தில் கோழிக்கூட்டை அடைக்கப் போனேன். கிழக்கே வேலிக்கு அப்பால் நிற்கிற சபுக்கு மரம் தெரியுமே, அதன் உச்சியில் ஒரு நட்சத்திரம் செம்மஞ்சளாகக் குத்தி வைத்த மாதிரி நின்றது. அப்பா எத்தனையோ தடவை எனக்குக் காட்டின சுவாதிதான் அது, எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. உள்ளே போய் உலை வைத்து, தேங்காய் துருவி, ரேடியோவில் ஏழு மணிச் செய்தியும் கேட்டு முடித்துவிட்டு வெளியே வந்தால், அப்பா கடைசித் தடவையாகப் பார்ப்போம் என்று தொலைநோக்கியை வைத்துக்கொண்டு நின்றார். இந்தத் தடவையும் சரிவராவிட்டால் பெட்டியில் போட்டுக் கட்டிவிடப் போவதாகச் சொன்னார். குழாய் கிர்ரென்று திரும்பி நின்றது. நான் அவருக்குப் பின்னால் போய்க் குழாயின் முதுகு வழியாகப் பார்த்தேன். அது நேரே சபுக்கு மரத்தின் உச்சியைப் பார்த்துக்கொண்டு நின்றது. சுவாதியோ மரத்தைவிட்டு மேலே ஏறிப் போயிருந்தது.

எனக்கு முதலில் வந்தது சிரிப்பு. இது என்ன, கோழி அடைக்கிறபோது அங்கே நின்ற நட்சத்திரத்தை இப்போது வந்து அங்கே தேடுகிறது என்றேன். அப்பா திரும்பி, "கூட்ட எப்ப அடச்ச?" என்று கேட்டார். செய்திக்கு முன்னால், அரை மணி நேரம் இருக்கும் என்றேன். அந்த அரை மணி என்கிற வார்த்தையை என் வாயாலேயே கேட்டதும் எனக்குச் சுருக்கென்றது. பத்து வருஷமாக இந்த நாட்டில் நாங்கள் இரண்டு நேரத்தோடு குடித்தனம் பண்ணியவர்கள் அல்லவா. அரசாங்கம் நேரத்தை முன்னால் தள்ளிய நாளிலிருந்து ஆட்களுக்கு வேலை பிரிக்கிற காலைப் பெரட்டுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் புது நேரம், ராகுகாலத்துக்கும் நல்லது கெட்டதுக்கும் பழைய நேரம். சாமி அறைக் கடிகாரத்தை நான் மாற்றவே இல்லை, அரை மணி பிந்தித்தான் ஓடியது, நீ கூட அதைப் பார்த்துவிட்டு பஸ்ஸைத் தவறவிட்டு அழுதிருக்கிறாய். இந்தச் சித்திரை வருஷப்பிறப்போடு அரசாங்கம் மறுபடி அரை மணி பின்னுக்கு வந்து பழைய நேரத்துக்கே திரும்பிவிட்டது. அப்பாதான் அன்றைக்கு வீட்டுக் கடிகாரம், கைக்கடிகாரம், ஆஸ்பத்திரிக் கடிகாரம் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் திருப்பி வைத்தார். சாமி அறையில் இருப்பது மட்டும் திருப்பாமலே சரியாகிவிட்டது என்று என்னைக் கேலியும் பண்ணினார். அப்போது அலுமாரிக்கு மேலே உறைக்குள் கிடந்த இந்தப் பெட்டிக்கு யார் சொன்னது?

அந்தப் பெட்டிக்குள் நம் நேரம் இங்கிலாந்தைவிட ஆறு மணி முன்னாலா, ஐந்தரையா என்று கேட்டேன். அப்பா டோர்ச்சைச் சிவப்புத் தாளோடு பிடித்துக்கொண்டு பெட்டிக்குள்ளே பொத்தானை அழுத்தி அழுத்திப் போனார். ஊர், தேசம் எல்லாம் வைத்திருக்கிற இடத்தில், இங்கிலாந்து நேரத்துக்கு இலங்கை ஆறு மணி முன்னால் என்று மாப்பிள்ளை தை மாதத்தில் பதிந்துவிட்டுப் போனது அப்படியே நின்றது. அன்றைக்கு அது சரிதான், இதை மாப்பிள்ளையிடம் சொல்லும்போது குற்றம் சொல்கிற மாதிரிச் சொல்லிவிடாதே. நேரத்தை மட்டும் ஒவ்வொரு தடவையும் கேட்கிற பெட்டி, தேசத்தின் கணக்கைக் கேட்காமல் தனக்குள்ளேயே வைத்துக்கொள்கிறது. அப்பா திருப்பி வைத்த நேரத்தைச் சரியாகக் கொடுக்கக் கொடுக்க, அது அரை மணிக்கு முந்தின வானத்தைக் காட்டிக்கொண்டு நின்றிருக்கிறது. கிழக்கே இருப்பதற்குக் கீழேயும் மேற்கே இருப்பதற்கு மேலேயும் போய் நின்றதெல்லாம் அதனால்தான். ஐந்தரை என்று மாற்றிவிட்டுப் பொத்தானை அழுத்தினார். குழாய் மேலே ஏறியது. கண்ணை வைத்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்க்கச் சொன்னார், சுவாதி உள்ளே வந்து நின்றது. மேற்குப் பக்கத்தில் இன்னொரு நட்சத்திரத்தையும் பெட்டிக்குக் காட்டினார், ஒத்து வந்தது என்று எழுத்து ஓடியது. "நான் காட்டினது சுவாதிதான், லெட்சுமி" என்று சொல்லிவிட்டு அப்படியே வாசற்படியில் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். எனக்கும் அழுகை வந்தது, உலை பொங்குகிறது என்று உள்ளே ஓடிவிட்டேன்.

அடுத்த நாள் காலையில் தொரையிடம் போய், ஆள் கிடைக்கிறவரை இருக்கிறேன் என்று சொல்லிவிட்டார். தொரை இவரைக் கட்டிப் பிடிக்காத குறையாம். காளியாயி வழக்கம் போல லேபலைப் படிக்கப் போயிருக்கிறாள், "எனக்குப் படிக்கத் தெரியும், நீ போயி வரிசயப் பாரு" என்று விரட்டிவிட்டாராம், வந்து சந்தோஷமாகச் சொல்லிவிட்டுப் போனாள். குடையை நேற்றும் பஸ்ஸில்தான் விட்டுவிட்டு வந்தார், நன்றாகத் திட்டினேன், திட்டுவதற்கு எவ்வளவு சுகமாக இருந்தது தெரியுமா. உன் சிநேகிதி கொடுத்த கண்டி டாக்டரின் நம்பரை எறியவில்லை, வைத்திருக்கிறேன், ஆனால் அவசரமில்லை.

நீங்கள் இரண்டு பேரும் நோய்நொடி இல்லாமல், ஒருவர் மனம் ஒருவர் கோணாமல், நினைத்த காரியமெல்லாம் கைகூடி நீடூழி வாழ முருகன் துணை நிற்கட்டும். எண்ணெய் தேய்த்துக் குளிக்க மறக்காதே, வேலை வேலை என்று மதியச் சாப்பாட்டை விடாதே. ஒரு விஷயம் மட்டும் கவனம். வெள்ளிக்கிழமை சாப்பிட்டுக் கை கழுவும்போது அப்பா என்னிடம், நெசமாச் சொல்லு, நீயும் என்னையச் சந்தேகப்பட்டியா என்று கேட்டார். உங்க மேல எனக்கென்ன சந்தேகம், அந்தப் பெட்டி மேலதான் என்றேன். அவர் அதை நம்பிவிட்டார், டாக்டரைப் பற்றி நான் உன்னிடம் கேட்டது அவர் காதுக்குப் போகவே கூடாது. அடுத்த தடவை நீ போன் எடுக்கும்போது இந்தக் கதையை அவரே முதலிலிருந்து சொல்வார், முதல் தடவை கேட்கிற மாதிரியே கேள். நடுவில் சொன்னதையே மறுபடியும் சொன்னால் பயந்துவிடாதே மகள், என்னிடமும் தினமும் சொல்கிறார், அது மறந்துபோய்ச் சொல்வதில்லை, சந்தோஷத்தில் சொல்வது.

இப்படிக்கு
உன் நினைவாகவே இருக்கும் அம்மா,
செ. நாகலெட்சுமி