குளியலறைக்குள் நின்றது நான்

செவ்வாய்க்கிழமை, இஷாத் தொழுகைக்குப் பிறகு

இன்று பகல் உம்மா குசினியில் மயங்கி விழுந்தார். நான் கையில் இருந்த மீன் சட்டியைக்கூடக் கீழே வைக்காமல் குளியலறைக்குள் ஓடிக் கதவைப் பூட்டிக்கொண்டேன். பெருநாளுக்கு வந்து நின்ற நஸ்ராதான் பக்கத்து வீட்டாரைக் கூப்பிட்டாள். உம்மாவையும் அவளையும் ஏற்றிக்கொண்டு ஆட்டோ போன சத்தம் கேட்ட பிறகுதான் கதவைத் திறந்தேன்.

நஸ்ராவும் நானும் இரட்டை. ஒரே முகம். பால் மறந்ததும் உம்மாவின் தங்கை, சாச்சி, அவளை வளர்க்கச் சம்மாந்துறைக்குக் கொண்டுபோனார். நோயில் படுக்கையோடு கிடந்த சாச்சியின் புருஷன் சாச்சாவைத் தூக்கித் துடைத்து வளர்ந்தவள் அவள். நான் பல்லியைக் கண்டு கத்தினாலே உம்மா ஓடி வருவார். யாராவது சிரித்தால், "இவள்ட ஒடம்புல ஓடுறது வாப்பாட பயந்த ரத்தம், சிரிக்காதீங்க" என்பார். இருபத்திரண்டு வயதுவரை அந்த ரத்தத்தைச் சொல்லியே தப்பித்துவிட்டேன். அதே ரத்தம்தானே நஸ்ராவுக்கும்?

அஸர் தொழுகைக்குப் பிறகு ஆஸ்பத்திரிக்குப் போனேன். உம்மா கண் விழித்திருந்தார். தாதி என் தோளைத் தட்டினார்.

"பகல் உம்மாவக் கொண்டு வந்த புள்ள நீங்கதானே? நல்ல தைரியம்."

"ஓம்" என்றேன்.

திரும்பினால், தேத்தண்ணிப் போத்தலோடு நஸ்ரா நிற்கிறாள். கேட்டிருப்பாள். உம்மாவுக்கு ஊற்றிக் கொடுத்தாள். மிச்சத்தை என்னிடம் நீட்டினாள்.

"குடி. ஒனக்கு இன்னும் கை நடுங்குது."

அதையும் வாங்கிக் குடித்தேன்.