முகத்தில் அடித்த தாள்

சனிக்கிழமை இரவு, கூலாய்

தூக்கம் வரவில்லை. காரின் ரேடியேட்டர் விசிறி சுற்றுகிறது, நானே ஒயர் போட்டு!

போன வாரம் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகும்போது, எல்லைப் பாலத்து ஜாமில், விசிறி சுற்றாமல் ரேடியேட்டர் கொதித்துக் கார் நின்றுவிட்டது. பின்னால் அடித்த ஹார்ன் இன்னும் காதில் இருக்கிறது. "வொர்க்‌ஷாப்ல விட்டுடலாம் லா," என்றார் என் வீட்டுக்காரர். நான் கேட்கவில்லை. பேட்டரியிலிருந்து ஃபியூஸ், ரிலே வழியாக விசிறிக்குத் தடித்த ஒயர் இழுத்தேன். ரிலேவுக்கான சுவிட்சை ஸ்டீயரிங்குக்கு அடியில் வைத்தேன்.

தட்டியதும் ரிலே 'டிக்' என்றது, விசிறி இரைந்தது. குதித்தேன். காற்றை உள்ளே இழுக்கிறதா என்று பார்க்க, அவர் காரின் முன்பக்கக் கிரில்லுக்கு முன்னால் பேப்பர் தாளைப் பிடித்தார். அது பறந்து அவர் முகத்திலேயே அப்பியது.

"அலமாக்! வெளிய ஊதுது!"

சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. விசிறியின் இரண்டு ஒயர்களையும் இடம் மாற்றி மாட்டினேன். இந்தத் தடவை தாள் கிரில்லில் ஒட்டிக்கொண்டது. அவர் கையை எடுத்தும் விழவில்லை.

"வொர்க்‌ஷாப்காரன் தோத்தான் லா!" என்றார்.

அவர் தூங்கிவிட்டார். ஓடாத காரில் சுற்றுகிறது, சரி. அந்த வெயிலில், அந்தக் கூட்டத்தில்... வேண்டாம், இப்போது நினைக்க மாட்டேன்.

கடவுளே, என் விசிறியைச் சோதித்துப் பார்க்க, திங்கட்கிழமை பாலத்தில் நல்ல ஜாம் கொடு.