எத்தனை கைமாறியது என்று நீங்கள் சொல்லவில்லை

இன்று உங்கள் மகனின் கடிதம் வந்தது. உறையைப் பார்த்ததும் உங்கள் கையெழுத்து என்றே நினைத்தேன். அதே சாய்வு, அதே நெருக்கம். பிரித்தால், நீங்கள் போய்விட்டீர்கள் என்றும் வெள்ளிக்கிழமை காரியம் என்றும் எழுதியிருந்தான். கடைசி ஐந்து வருடம் ஆசிரியர் அறையில் பக்கத்து நாற்காலியில் இருந்தும் உங்களோடு பேசாதவன், இப்போது பேசுகிறேன்.

யுத்தத்தில் நூல் விலை ஏறிய காலம் அது. நீங்கள் கணக்கு வாத்தியார், நான் டிராயிங் மாஸ்டர். புதுக்கோட்டையில் நம் பள்ளியில் இங்கிலீஷ் பத்திரிகையின் பங்கு விலைப் பக்கத்தைப் படிக்கத் தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான். ஒரு நூல் மில்லின் பெயருக்கு நேரே விரலை வைத்து, "பாருங்க சார், பன்னெண்டு ரூவா இருந்துச்சு, இப்ப பதினஞ்சு. பங்குக்குப் பதினெட்டு கொடுத்தா ஒரு கட்டு கெடைக்கும்" என்றீர்கள்.

வல்லத்திராக்கோட்டையில் கண்மாய்க்குக் கீழே இருந்த வயலை விற்றேன். என் மனைவி கொண்டுவந்த வயல். "வெல ஏறுதுன்னு சொல்றாங்க. அந்த வெலைக்கு யாரு வாங்குறாங்கன்னு கேட்டீங்களா?" என்றாள். இவளுக்கு என்ன தெரியும் என்று நினைத்தேன். பங்கு மாற்றும் படிவத்தை நீங்களே மடித்துக் கொண்டுவந்து, "இங்கிட்டு ஒரு கையெழுத்துப் போடுங்க சார்" என்றீர்கள். பிரித்துப் பார்க்காமல் போட்டேன். மறு வாரம் பத்திரிகையில் பதினெட்டு ரூபாய் என்று இருந்தது. இருவரும் காபி குடித்தோம். நீங்கள்தான் காசு கொடுத்தீர்கள்.

மகளுக்கு வரன் அமைந்து விற்கப் போனபோது வாங்க ஆள் இல்லை. சென்னைக்கே போனேன். தரகர் அலுவலகக் குமாஸ்தா பொறுமையான மனிதர். "பத்துப் பங்குல ஒம்பது முதலாளி குடும்பத்துப் பெட்டியில இருக்கு சார், அது வெளிய வராது. மிச்சம்தான் சந்தையில சுத்துது. அதுலயும் மாசத்துக்கு நாலஞ்சு கைமாறினா பெரிசு. யாராவது ஒருத்தர் கூடக் கொடுத்து வாங்கினா, அதுதான் பேப்பர்ல வெல" என்றார். பதிவேட்டைப் புரட்டினார். "வெல பதினெட்டு ஆன மாசம் வாங்கினது நீங்க ஒருத்தர்தான்." விற்றவர் என்ற இடத்தில் உங்கள் பெயர் இருந்தது.

ஊர் திரும்பியதும் கேட்டேன். கையில் சாக்பீஸுடன் நின்றபடியே, "நான் பொய் சொல்லலையே சார். வெல ஏறுச்சா இல்லையா?" என்றீர்கள். எத்தனை பங்கு கைமாறி அந்த விலை வந்தது என்பதைச் சொல்லவில்லை. கணக்கு வாத்தியாருக்கு அது தெரியாதா?

அறுவடைக்கு நெல் வண்டி வந்து நிற்கும் எங்கள் வாசலில், என் மனைவி முதன்முறையாகக் கடை அரிசியை முறத்திலிட்டுக் கல் பொறுக்கினாள்.

இனி எழுதுவது உங்களுக்குத் தெரியாதது. விற்பனையே நடக்காததால் அந்த மில்லின் விலையும் இறங்காமல் அப்படியே அச்சாகிக்கொண்டிருந்தது. கல்யாணத்துக்கு ஒரு மாதம் இருக்கையில், கந்தர்வக்கோட்டையிலிருந்து நம் ஊருக்கு மாற்றலாகி வந்த போஸ்ட்மாஸ்டர் பத்திரிகையும் கையுமாக என்னிடம் வந்தார். "நீங்க வெவரம் தெரிஞ்சவங்க. வாங்கலாங்களா?"

"வாங்கலாங்க" என்றேன். என்னுடையது முழுவதையும் அவரே வாங்கிக்கொண்டார். மகள் கல்யாணம் நல்லபடியாக நடந்தது.

உங்கள் காரியத்துக்கு நான் வரவில்லை. பழைய கோபம் என்று உங்கள் மகன் நினைத்துக்கொள்ளட்டும். அந்தப் போஸ்ட்மாஸ்டர் இப்போது வேறு ஊரில் இருக்கிறார். பொங்கலுக்குப் பொங்கல் கார்டு போடுகிறார். விற்க முடியவில்லை என்று ஒரு வரி எழுதியதில்லை. வீட்டில் எல்லோரும் சௌக்கியமா என்று மட்டும் கேட்கிறார். ஒன்றுக்கும் நான் பதில் போடவில்லை. கிழித்துப் போடவும் கை வரவில்லை.